உத்தரம் சுமப்பது எவ்வளவு?



ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். உத்தரத்தில் ஒரு கப்பி தொங்குகிறது. கப்பியின் மேல் ஒரு கயிறு செல்கிறது. கயிற்றின் ஒரு முனையில் 180 கிலோ எடையுள்ள எஞ்சின். மறுமுனையைச் சிலர் பிடித்துக் கீழ்நோக்கி இழுக்கிறார்கள். எஞ்சின் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கிறது. அப்பொழுது உத்தரத்தின் மேல் விழும் சுமை எவ்வளவு?

பள்ளியில் பௌதிகம் படித்த எவரும் விடை சொல்லக்கூடிய கேள்விதான் இது. ஆயினும், எம்.எஸ்ஸி. வகுப்பில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த நான், என் வீட்டுக் கொட்டகையில் நின்றபோது இதைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காததன் விலையை அன்று ஒருவர் தம் காலால் கொடுத்திருக்க வேண்டும். நல்லூழால் தப்பினார். அந்த நிகழ்ச்சியையும், அதன்பின் நானும் என் தந்தையும் சேர்ந்து பளு தூக்கும் உத்தரம் ஒன்றை எழுப்பிய வகையையும் இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊரும் கொட்டகையும்

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை அடுத்துள்ளது ராமகுப்பம். ஒரு பக்கம் தமிழ்நாடு, மற்றொரு பக்கம் கருநாடகம். சந்தையில் மூன்று மொழிகளும் ஒன்றாகவே விலை பேசும். நாம் உத்தரம் என்றும் தூலம் என்றும் சொல்வதைத் தெலுங்கர் தூலம் என்பர். கன்னடர் தொலெ என்பர். பெயர் சற்று மாறினாலும் சுமை ஒன்றுதான்.

எங்கள் குடும்பம் அவ்வூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்றவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்கு இறங்கிய சுரங்கங்கள் அவை. சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902ஆம் ஆண்டிலேயே அங்கு வந்து சேர்ந்தது. ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் பெரிய உருளைப் பொறிகளின் அருகே என் பாட்டனாருக்கு வேலை. என் தந்தை அங்கே பிட்டராக இருந்தார். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஸ்பானர்ப் பெட்டி ஒன்றோடு அப்பா ராமகுப்பம் வந்து, வாடகை வீட்டின் பின்புறம் பட்டறை வைத்தார். ஆழ்துளைக் கிணற்று மோட்டார், டீசல் எஞ்சின், டிராக்டரின் கியர்ப்பெட்டி ஆகியவையே அவர் கைக்கு வரும் வேலைகள். அவற்றுள் இரண்டு கைகளால் தூக்கக்கூடியது எதுவும் இல்லை.

கொட்டகை பழைய கற்கட்டடம். எங்கள் பகுதியில் பாறைக்குப் பஞ்சமில்லை. சுவர் கல், தூண் கல், கூரையும் கற்பலகை. நடுவே ஒரு கல் உத்தரம் அக்கூரையைத் தாங்குகிறது. அந்த உத்தரத்தில்தான் அப்பா பல ஆண்டுகளாகக் கயிற்றைச் சுற்றிக் கப்பியைத் தொங்கவிட்டு வந்தார்.

டக் என்றொரு ஓசை

கடந்த ஆண்டு கோடை விடுமுறையில் நான் ஊரில் இருந்தேன். விவசாயி ஒருவரின் டீசல் எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி, மேடைமேல் ஏற்ற வேண்டும். அப்பா, அவருடைய உதவியாளர், எஞ்சினுக்கு உரியவர், நான் ஆக நால்வரும் கயிற்றைப் பற்றி இழுத்தோம். எஞ்சின் இடுப்பளவு எழுந்தது. அதை மேடைப்பக்கம் தள்ளுவதற்காக உதவியாளர் கயிற்றை விட்டு முன்னே சென்றார். மூவர் பிடியில் கயிறு ஒரு சாண் வழுக்கியது. உடனே இறுக்கிப் பிடித்தோம். மேலே ‘டக்’ என்றோர் ஓசை கேட்டது.

சுரங்கத்தில் வேலை பார்த்தவருடைய காது வேறு. அப்பா அண்ணாந்து பார்க்கவே இல்லை. “பின்னால வா!” என்று உதவியாளரின் சட்டையைப் பற்றி இழுத்தார். நாங்கள் கயிற்றை விட்டோம். எஞ்சின் மேடையின் விளிம்பில் மோதித் தரையில் சாய்ந்தது. உதவியாளர் நின்ற இடத்தில் அதன் அடிப்பாகம் கிடந்தது. கல் உத்தரத்தின் அடிப்புறத்தில், சரியாகக் கயிறு சுற்றியிருந்த இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது.

சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இத்தனை வருஷம் தாங்கின கல்லு. 200 கிலோகூட இல்லாத எஞ்சினுக்கு எப்படிடா விட்டுச்சு? நீதான் படிக்கிறியே, சொல்லு.”

உத்தரம் பற்றித் தேர்வுத்தாளில் எத்தனையோ கணக்குகள் போட்டவன் நான். அன்று எனக்கு வாய் வரவில்லை.

விடை

அன்றிரவு ஒரு தாளில் படம் வரைந்தேன். கப்பியின் இருபுறமும் கயிறு கீழே இறங்குகிறது. ஒரு புறம் எஞ்சின் 180 கிலோ இழுக்கிறது. எஞ்சின் நிற்க வேண்டுமானால் மறுபுறமும் 180 கிலோ இழுத்தாக வேண்டும். இரண்டையும் கப்பிதான் தாங்குகிறது. கப்பியை உத்தரம் தாங்குகிறது. ஆகவே, உத்தரத்தின் சுமை 180 அன்று, 360 கிலோ!

மேலே தூக்கும்போது கப்பியின் உராய்வையும் வெல்ல வேண்டும். நாங்கள் 200 கிலோ அளவு இழுத்திருப்போம் எனக் கொண்டால், உத்தரத்தின் சுமை 380 கிலோ ஆகிறது. இதற்கும் மேலே ஒன்று உண்டு. வழுக்கிய கயிற்றைச் சட்டென்று பிடித்தோம் அல்லவா? ஓடுகின்ற பளுவை ஒரு நொடியில் நிறுத்தும்போது, அதன் இயக்கத்தை அழிக்கக் கூடுதலான விசை தேவை. அந்தக் கூடுதலும் உத்தரத்தின் தலையிலேயே விழுந்தது.

கல் உத்தரம் ஏற்கெனவே சும்மா இருக்கவில்லை. 240 செ.மீ. நீளம், அதன் பங்குக்கு வரும் கற்பலகையும் மேல்மண்ணும் ஏறத்தாழ 900 கிலோ. இச்சுமை நீளம் முழுவதும் பரவியிருப்பதால், நடுவில் அது உண்டாக்கும் வளைவுத் திருப்புத்திறன் 900 × 240 ÷ 8, அதாவது 27,000 கிலோ–செ.மீ. நாங்கள் தொங்கவிட்ட 380 கிலோவோ நடுவில் ஒரே புள்ளியில் இழுக்கிறது. அது உண்டாக்குவது 380 × 240 ÷ 4, அதாவது 22,800 கிலோ–செ.மீ. கூரை முழுவதும் சேர்ந்து தரும் தொல்லைக்கு ஏறக்குறைய ஈடான தொல்லையை ஒரு கயிறு தந்துவிட்டது.

மறுநாள் காலையில் இதை அப்பாவுக்குச் சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்தார். “அப்போ நாங்க இழுத்ததும் அதுமேலதானா?” என்றார். முப்பது ஆண்டுகள் கப்பியோடு வாழ்ந்தவர் கேட்ட அக்கேள்வியில் வியப்பைவிட அச்சமே மிகுந்திருந்தது. எத்தனை முறை அந்த உத்தரத்தின் கீழ் நின்றிருப்பார்!

கல்லின் குணம்

உத்தரம் ஒன்று வளையும்போது அதன் மேற்பகுதி நெருக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. கருங்கல் நெருக்கத்தை எளிதில் தாங்கும். இழுப்பையோ அதில் ஒரு சிறு பங்கு அளவே தாங்கும். அன்றியும், எஃகைப் போல நீண்டு வளைந்து முன்னறிவிப்புத் தருவதில்லை. ஒரே ஓசையில் முறிந்துவிடும். எங்கள் உத்தரத்தின் அடிப்புறத்தில், கல்லைப் பிளந்தபோது அடித்த உளிக்குழி ஒன்று இருந்தது. விரிசல் அதிலிருந்தே தொடங்கியிருந்தது.

விரிந்த உத்தரத்தின் கீழே உடனே ஒரு முட்டு கொடுக்க அப்பா முனைந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. கலிலியோ 1638ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’ என்னும் நூலில் ஒரு சலவைக்கல் தூணின் கதையைச் சொல்கிறார். இரு கட்டைகளின்மேல் கிடத்தி வைத்திருந்த தூண் நடுவில் முறிந்துவிடுமோ என்று அஞ்சி, மூன்றாவது கட்டை ஒன்றை நடுவில் வைத்தார்களாம். சில மாதங்களில் தூண் அந்த நடுக்கட்டையின் மேலேயே முறிந்தது. ஓரக்கட்டைகளுள் ஒன்று நைந்து இறங்கிவிட, தூணின் பாதி தாங்கலின்றி அந்தரத்தில் நின்றதே காரணம். தாங்கல் கூடினால் பலம் கூடும் என்பது எப்பொழுதும் உண்மையன்று.

நாங்களும் நடுவில் ஒரே முட்டை வைத்து ஆப்பு அடித்து மேலே தள்ளியிருந்தால், இதுவரை நெருக்கத்தில் இருந்த மேற்பகுதி இழுப்புக்கு உள்ளாகி அங்கும் விரிந்திருக்கும். எனவே விரிசலின் இருபுறமும் இரண்டு முட்டுகளை வைத்து, ஆப்பைக் கையால் தள்ளும் அளவுக்கு மட்டும் இறுக்கினோம். கூரையை மீண்டும் சீர் செய்யும்வரை அவை நின்றன.

கூரையைத் தொடாத உத்தரம்

அதன்பின் ஒரு முடிவுக்கு வந்தோம். இனிக் கூரைக்கும் பளுவுக்கும் தொடர்பே கூடாது. பளு கொக்கிக்கு வரும், கொக்கியிலிருந்து உத்தரத்திற்கு, உத்தரத்திலிருந்து கால்களுக்கு, கால்களிலிருந்து நிலத்திற்கு. இந்த வழியில் ஒவ்வோர் இடத்தையும் தனியே கணக்குப் பார்க்க வேண்டும். ஓரிடம் நலிந்தாலும் வழி அறுந்துவிடும்.

முதலில் உத்தரம். வளைவை எதிர்ப்பதில் அகலத்தைவிட உயரமே முக்கியம். 10 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவுள்ள மரச்சட்டத்தைப் படுக்க வைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் இருமடங்கு தாங்கும். அகலத்தை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஆறால் வகுத்துப் பாருங்கள், விளங்கும். உங்கள் மேசையிலுள்ள மர அடிக்கோலை இரு வகையாகவும் வளைத்துப் பார்த்தாலும் போதும்.

சட்டத்தின் நடுவயிற்றுப் பகுதி வளைவை எதிர்ப்பதில் அதிகம் உழைப்பதில்லை. ஆகையால் அங்குள்ள எஃகை எடுத்து மேலும் கீழும் வைத்துவிட்டால் என்ன? அதுதான் கடைக்காரர்கள் ‘ஐ பீம்’ என்றும் ‘கர்டர்’ என்றும் சொல்வது. 150 மி.மீ. உயரமுள்ள ஐ.எஸ்.எம்.பி. 150 என்னும் இந்தியத் தர உத்தரம் மீட்டருக்கு 14.9 கிலோ எடை உள்ளது. வளைவை எதிர்க்கும் அதன் அளவு 96.9 கன செ.மீ. அதே எடை எஃகைச் சதுரக் கம்பியாக வார்த்தால் கிடைப்பது ஏறத்தாழ 14 கன செ.மீ. மட்டுமே. பொருள் அதுவே, வடிவத்தால் வந்த பலன் ஏழு மடங்கு!

எங்கள் தேவை 500 கிலோ. கால்களுக்கு இடையே 300 செ.மீ. கணக்கு இது:

பளு 500 கிலோ. சங்கிலிக் கப்பியும் அது ஓடும் டிராலியும் 30 கிலோ. கையால் இயக்கும்போது ஏற்படும் அதிர்ச்சிக்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 583 கிலோ. நடுவில் திருப்புத்திறன் 583 × 300 ÷ 4, அதாவது 43,725. உத்தரத்தின் சொந்த எடையால் வருவது 1,700க்குச் சற்றுக் குறைவு. மொத்தம் ஏறத்தாழ 45,400 கிலோ–செ.மீ. இதை 96.9ஆல் வகுத்தால், எஃகின் வெளிநாரில் தகைவு சதுர செ.மீ.க்கு 470 கிலோ. சாதாரணக் கட்டட எஃகு 2,500 அளவில்தான் நிலையாக வளையத் தொடங்கும். ஐந்து மடங்கு இடைவெளி இருக்கிறது.

இவ்வளவு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நீண்ட மெல்லிய உத்தரம் கீழ்நோக்கி முறிவதற்கு முன்பே பக்கவாட்டில் துவண்டு புரளக்கூடும். டிராலியின் சக்கரங்கள் கீழ் விளிம்பைத் தனியே வளைக்கின்றன. பழைய எஃகாயின் துரு தின்ற பகுதி கண்ணுக்குத் தெரியாது. இவற்றுக்கெல்லாம் அந்த இடைவெளியே காப்பு. மேலும், உத்தரத்தின் கீழ் விளிம்பில் எங்கும் துளையிடவோ வெல்டு வைக்கவோ கூடாது என்று விதி செய்துகொண்டோம். அதிக இழுப்பு அங்கேதான்.

கால்களும் நிலமும்

உத்தரத்தின் ஒவ்வொரு முனையையும் ஒற்றைக் கம்பத்தின்மேல் வைத்தால், தொங்கும் பளு ஊசலாடும்போது சட்டகம் முழுவதும் சாயும். ஆகையால் இரு முனைகளிலும் கவைபோல விரிந்த இரட்டைக் கால்களை அமைத்தோம். 89 மி.மீ. வெளிவிட்டமுள்ள கனத்த இரும்புக் குழாய். உயரம் 270 செ.மீ.; அடியில் கால்களின் விரிவு 120 செ.மீ. உத்தரத்தின் போக்கில் ஆடாமலிருக்க, இரு மூலைகளிலும் சாய்வுச் சட்டங்கள் இட்டோம்.

டிராலி ஒரு முனைக்குப் போகும்போது ஏறக்குறைய 600 கிலோவும் அம்முனையின் மேலேயே இறங்கும். கால் ஒன்றுக்கு 300. கால் சாய்ந்திருப்பதால் அது வெளிப்புறமாகவும் உதைக்கும்: 300 × 60 ÷ 270, ஏறத்தாழ 67 கிலோ. வழுக்கும் தரையில் விரித்து வைத்த ஏணி போல இதுவும் விரியப் பார்க்கும். எனவே இரு கால்களையும் அடியில் ஓர் ஆங்கில் இரும்பால் பிணைத்தோம். ஒவ்வொரு காலின் கீழும் 45 செ.மீ. சதுரத்தில் 60 செ.மீ. ஆழக் கான்கிரீட், அதில் புதைத்த போல்ட்டுகளின்மேல் 12 மி.மீ. தகடு. எங்கள் சரளை மண்ணுக்கு இச்சுமை ஒரு பொருட்டன்று.

உத்தரத்தின் இரு கோடிகளிலும், டிராலி ஓடி விழாதபடி தடுப்புகளைப் போல்ட்டால் பூட்டினோம். இச்சிறு இரும்புத்துண்டை மறந்து பளு தூக்குவது, மதகு வைக்காமல் ஏரிக்கு நீர் விடுவது போன்றது.

சங்கிலி செய்யும் உதவி

இனிக் கப்பி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெஸ்டன் என்பவர் உருவாக்கிய வேற்றுமைக் கப்பியை நம் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரே அச்சில் இரு சக்கரங்கள். ஒன்று சற்றுப் பெரியது. பெரியதில் 10 பற்கள், சிறியதில் 9 பற்கள் எனில், வேக விகிதம் 2 × 10 ÷ (10 − 9), அதாவது 20. பளு ஒரு மீட்டர் எழும்பச் சங்கிலியை 20 மீட்டர் இழுக்க வேண்டும். உராய்வு ஒரு பெரும் பகுதியைத் தின்றுவிட்டு, பயன் நூற்றுக்கு 40 மட்டுமே எனில், எந்திரலாபம் 8. அதாவது 160 கிலோவைத் தூக்க 20 கிலோ விசை போதும். உழைப்பில் சலுகை இல்லை. அதைச் சிறு சிறு கூறாகச் செலவிடலாம் என்பதே சலுகை.

அந்த வீணான உராய்விலும் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. பயன் நூற்றுக்கு ஐம்பதுக்குக் குறைந்த கப்பியில், கையை விட்டாலும் பளு தானே இறங்காது. உராய்வே அதைப் பிடித்துக்கொள்கிறது. இக்காலத்துச் சங்கிலிக் கப்பியில் பற்சக்கரங்கள் உண்டு. ஆகவே உராய்வு குறைவு. அதனால் பளு இறங்காமல் பிடிக்க உராய்வுத் தட்டும் பல்லும் கொண்ட தனித் தடை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். நாங்கள் வாங்கியது அத்தகைய ஒரு டன் ‘செயின் பிளாக்’.

இப்பொழுது முதற்கேள்விக்குத் திரும்புவோம். அதே 180 கிலோ எஞ்சின். ஒற்றைக் கப்பியில் உத்தரத்தின் சுமை 360. கீழே ஓர் அசையும் கப்பியும் சேர்த்தால் நாம் இழுப்பது 90. உத்தரத்தின் சுமை 270. சங்கிலிக் கப்பியில் நாம் இழுப்பது 20 கிலோ அளவு. உத்தரத்தின் சுமை 200 கிலோவும் கப்பியின் எடையும். நாம் குறைவாக இழுத்தால் உத்தரமும் குறைவாகச் சுமக்கும். நம் முதுகுக்கு மட்டும் நல்லது என்று நாம் நினைத்த கருவி, தலைக்கு மேலுள்ள உத்தரத்துக்கும் நல்லதாக அமைந்தது.

சோதனை

50 கிலோ எடையுள்ள உத்தரத்தை ஏற்ற மட்டும் எந்தப் பொறியும் இல்லை. சாரம் கட்டி நால்வர் தோளிலேயே ஏற்றினோம்.

எழுப்பி முடித்ததும் அப்பா, “முதல்ல வெறும் மூட்டைய தொங்கவிடு, எஞ்சின் அப்புறம்” என்றார். சுரங்கத்தில் ஆள் இறங்குமுன் கயிற்றைப் பார்க்கும் பழக்கம் அவருக்குப் பரம்பரையாக வந்தது. 25 கிலோ மரத்தட்டில் 12 சிமெண்டு மூட்டைகளை அடுக்கினோம். மொத்தம் 625 கிலோ. எங்கள் எல்லையைவிடக் கால் பங்கு கூடுதல். உத்தரத்தின் இரு கோடிகளையும் இணைத்து ஒரு நூல் கட்டி, நடுவில் மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டினோம். தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி அரைமணி நேரம் விட்டோம். கீழே ஒருவரும் செல்லவில்லை.

என் கணக்கின்படி உத்தரம் நடுவில் 2.5 மி.மீ. தாழ வேண்டும். நூல் காட்டியது 3 மி.மீ. மூட்டைகளை இறக்கியதும் நூல் பழைய கோட்டுக்கே திரும்பிற்று. எஃகு மீள்தன்மையின் எல்லைக்குள்ளேயே நின்றது என்பதற்கு அதுவே சான்று. அந்த அரை மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண்டு நான் வருந்தினேன். அப்பாவோ, “கணக்கும் கல்யாணமும் சரியா ஒத்துப்போகுமா? போதும்டா” என்று சிரித்தார்.

பிறகு சிவப்பு வண்ணம் கொண்டு உத்தரத்தின் வயிற்றில் எழுதினார். எந்த மொழியில் எழுதுவது என்று எண்ணினார் போலும். கடைசியில் ‘500’ என்னும் எண்ணை மட்டும் பெரிதாக எழுதினார். பட்டறைக்கு வரும் தமிழர், தெலுங்கர், கன்னடர் அனைவரும் அதைப் படித்துவிடுகிறார்கள். அதைவிடக் கனமான பொருளோடு வருபவரிடம் அப்பா மேலே கைகாட்டுகிறார். வாதம் அத்துடன் முடிந்துவிடுகிறது. உதவியாளர் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார்.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீடுகளில் ஒரு பட்டறையோ, கிணறோ, மாவு மில்லோ இருக்கும். பெற்றோர் பழக்கத்தால் ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். கயிறு எதில் கட்டியிருக்கிறது, அது எதன்மேல் நிற்கிறது, அதன் சுமை எவ்வழியே நிலத்தை அடைகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டு வாருங்கள். ஓரிடத்தில் உங்கள் விரல் தயங்கினால், அங்கே ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுங்கள். நான் செய்ததுபோல ஓசை கேட்டபிறகு எடுக்க வேண்டா.